கொடுமைக்கு ஏங்கிய கெராங் அண்ணே

பினாங்குத் தீவில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு வேர்க்குரு வாங்கிய ஒரே மனிதர் எங்கள் கெராங் அண்ணேதான். இதை மறுப்பவர் யாராக இருந்தாலும் நான் வாதாடத் தயார். மத்தியானம் இரண்டு மணிக்கு, தெருநாய்கூடக் கடை முகப்பின் அஞ்சடி நடைபாதையில் நிழல் தேடிப் படுத்துக்கொண்ட பிறகு, லிட்டில் இந்தியாவின் கேசட்டுக் கடைச் சத்தத்துக்கு நடுவே ஓர் உருவம் வரும். முட்டிவரை தொங்கும் கறுப்புக் கோட்டு. கையில் விரித்த தடிப் புத்தகம். ரிக்‌ஷாக்காரர் மணியடித்தால் தலையை நிமிர்த்தாமலே ஒதுங்கி, அடுத்த பக்கத்தைப் புரட்டும்.

அந்தக் கோட்டை லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் வாங்கினார். எந்த வெள்ளைக்காரன் எந்தக் குளிருக்குத் தைத்ததோ. முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு மாமாக் தேநீர்க் கடைக்குப் போனபோது, கடைக்கார அண்ணே தே தாரேக்கை ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"என்னா தம்பி, கோர்ட்ல கேஸா?"

"இல்லண்ணே."

"அப்ப காய்ச்சலா?"

கேஸும் இல்லை, காய்ச்சலும் இல்லை. எங்கள் அண்ணே படித்த நாவல்களில் மாணவர்கள் எல்லோரும் அப்படித்தான் உடுத்துவார்கள். அதனால் இவரும் உடுத்தினார்.

அவரும் நானும் பிரான்சிஸும் ஒரு கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு டியூஷன் சென்டரில் சரித்திரம் நடத்திக்கொண்டிருந்தேன். பிரான்சிஸ் வங்கியில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும், மற்ற நாட்களில் அடுத்தவர் விவகாரத்துக்கும் தவறாமல் போகிறவன். அண்ணே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எதைப் பற்றி என்கிறீர்களா? கெராங். சார் குவே தியா நூடுல்ஸில் போடுவார்களே, சேற்றில் விளையும் அந்தச் சிப்பி. அதன் ஓடு எப்படி வளர்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. வீட்டுக்காரச் சீனர் முதல் பால்காரர் வரை யாரும் அதைப் பயன்படுத்தியதாக எனக்கு நினைவில்லை.

பகலெல்லாம் சேற்றில் நிற்கிற மனிதர், வீட்டுக்கு வந்தால் ஒரே வகை நாவலைத்தான் தொடுவார். கதை பல்கலைக்கழகத்தில் நடக்க வேண்டும். மழை பெய்ய வேண்டும். காந்தம் மாதிரி ஒரு பேராசிரியர், அவரைச் சுற்றி நாலைந்து அதிபுத்திசாலி மாணவர்கள், அவர்களுக்குள் பொறாமை, பாதிக் கதைக்குள் ஒரு பிணம். கொன்றவன் யாரென்று முதல் பக்கத்திலேயே சொன்னாலும் பரவாயில்லை. ஏன் கொன்றான், கொன்றுவிட்டு மறுநாள் வகுப்பில் எப்படி உட்கார்ந்தான் என்பதுதான் அண்ணேக்கு முக்கியம்.

பிரான்சிஸுக்கு இது விளங்கவே இல்லை.

"ஏண்ணே, கொலையப் படிக்கிறதுக்கு எதுக்கு யூனிவர்சிட்டி? அதான் பேப்பர்லயே வருதுலா."

"பேப்பர்ல வர்றவன் கோவத்துல வெட்டுவான். போலீஸ் வந்து புடிச்சிட்டுப் போயிடும். கதை அங்கயே முடிஞ்சிச்சு. படிச்சவன் அப்படி இல்லடா. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு காரணம் சொல்லுவான் பாரு, அதைக் கேட்டா நீயே கத்தி எடுத்துக் குடுப்ப."

"நான் ஏண்ணே குடுக்கப் போறேன்?"

"குடுப்ப. அதான் பயமே."

சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒருநாள் நானே அவரிடம் ஒரு நாவலை இரவல் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறினேன். ஜெலுத்தோங்கில் இறங்க வேண்டியவன் பாலிக் பூலாவில் போய் இறங்கினேன். டியூஷன் சென்டரில் அன்று பிள்ளைகள் தாமாகவே விடுமுறை விட்டுக்கொண்டார்கள். படிக்கும்போது ஒரு கெட்ட சுகம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நம்மைவிடப் புத்திசாலிகள் நம்மைவிட மோசமாக நடந்துகொள்வதை உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு ஆறுதல்!

அண்ணே சொன்ன காரணம் வேறு. ஒரு மழைநாளில் கேட்காமலே சொன்னார்.

"எங்க சுங்கை பாக்காப்ல படிப்புன்னா என்னா? வேலை கிடைக்கும், லோன் கிடைக்கும், பொண்ணு கிடைக்கும். இந்தக் கதைங்கள்ல ஒரு பழைய பாட்டுக்கு என்னா அர்த்தம்னு ரெண்டு பேரு சண்டை போட்டு செத்தே போறாங்க. படிப்பு அவ்வளவு பெரிய விஷயம்னு நம்புற எடம் ஒண்ணு இருக்குலா! அங்க போய்க் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வர்றேன்."

நம் ஆட்களிடம் கெராங் ஆராய்ச்சி என்று சொன்னால் அடுத்த கேள்வி "சம்பளம் எவ்வளவு வரும்?" என்பதுதான். அவருடைய சொந்தக்காரர்கள் ஒரு படி மேலே. பட்டம் வாங்கும் முன்பே அவரை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கல்யாணத்தில் பெரியம்மா முறையுள்ள ஒருத்தர் சேலையை விலக்கி முட்டியைக் காட்டி, "ஏறவே முடியலய்யா டாக்டரு, என்னா மருந்து?" என்று கேட்டாராம். கெராங்குக்கு முட்டி கிடையாது என்று அண்ணே விளக்கியிருக்கிறார். அந்த அம்மாள் பந்தி முடியும்வரை அவரோடு பேசவில்லை.

இதெல்லாம் வேடிக்கைதான். ஆனால் ஆராய்ச்சி முடியவில்லை. எட்டு வருஷம் ஓடிவிட்டது. ஆய்வேட்டில் நான்கு அத்தியாயம் தயார். கடைசி அத்தியாயம் மட்டும் நகர மாட்டேன் என்றது. ஒருநாள் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்தப் பருவம் முடிவதற்குள் ஏட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து, இனி நீட்டிப்பு கிடையாது. எட்டு வருஷச் சேறும் வெயிலும் வீண். சுங்கை பாக்காப்பில் அவர் அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்த டாக்டரும் வீண்.

வேறு யாராக இருந்தாலும் பதறிப்போய் எழுதியிருப்பார்கள். அண்ணே இன்னொரு நாவலை எடுத்தார்.

அவர் குறையெல்லாம் ஆய்வை மேற்பார்வை பார்த்த பேராசிரியர் மேல்தான். புரொஃப் என்று எல்லோரும் கூப்பிடும் அந்த அம்மாள், பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம். இப்படி ஒரு தங்கமான மனுஷியை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. மாணவர்களுக்கு ஆப்பமும், கடலை தூவி மடித்த அப்பம் பாலிக்கும் வாங்கி வந்து மேசையில் வைத்துவிட்டு, தானே மூடியைத் திறந்து நீட்டுவார். அண்ணே அனுப்பும் அத்தியாயங்களைத் திருத்தும்போது ஓரத்தில் சிரித்த முகம் வரைவார்.

"அதான்டா பிரச்சினையே!" என்று அண்ணே பொருமுவார். "கதையில எல்லாம் சூப்பர்வைசர் தீசிஸ மூஞ்சியில விட்டெறிவாரு. மாணவன் மழையில நனைஞ்சுகிட்டே நடந்து போவான். நெஞ்சு எரியும். அந்த எரிச்சல்ல உக்காந்து எழுதி முடிச்சிடுவான். எனக்கு எப்படிலா எரியும்? அப்பம் பாலிக் சாப்பிட்டா தூக்கம்தான் வருது."

ஆனாலும் நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. இவ்வளவு நல்லவராக ஒருவர் இருக்க முடியாது, உள்ளே ஏதோ இருக்கிறது என்று வருஷக்கணக்கில் கண்காணித்தார். ஒரு நோன்புப் பெருநாளுக்கு புரொஃப் தன் மாணவர்களை வீட்டுக்கு அழைத்தார். அண்ணே போய்விட்டு வந்து எங்களிடம் கண்ணை உருட்டினார்.

"அஞ்சு பேரையும் ஒரே மேசையில உக்கார வெச்சாங்கடா. எனக்கு மட்டும் தனி கிளாஸ்ல சிரப் தண்ணி. பக்கத்துல இருந்த பொண்ணு பாக்காதப்ப மாத்தி வெச்சுட்டேன்."

"அடப்பாவி, அந்தப் பொண்ணுக்கு என்னா ஆச்சு?" என்றான் பிரான்சிஸ்.

"ஒண்ணும் ஆகல. இன்னொரு கிளாஸ் கேட்டு வாங்கிக் குடிச்சிச்சு."

சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பருவம் முடிய ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தபோது பிரான்சிஸ் ஒரு தீர்ப்புக்கு வந்தான். "இவருக்கு வேற வைத்தியம் இல்ல மச்சான். அந்த புரொஃப் இவர நல்லா வாங்கு வாங்குன்னு வாங்கணும். நாம போய்க் கேப்போம்."

"என்னன்னு கேக்கிறது? எங்க அண்ணேயக் கொஞ்சம் கொடுமைப்படுத்துங்கன்னா?"

"ஆமா, அப்படித்தான்."

பெரியவர்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று நம்மை வளர்த்திருக்கிறார்கள். பசாரில் ஆப்பிள், ஆரஞ்சு, ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினோம். பிளாஸ்டிக் பையில் கொடுத்தால் மரியாதையாக இருக்காது என்று பிரான்சிஸ் தன் அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய தாம்பாளத்தை எடுத்து வந்தான். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு இரண்டு பேரும் குளுகோரில் புரொஃப் வீட்டு வாசலில் போய் நின்றோம்.

கதவைத் திறந்த புரொஃப் தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். முகத்தில் ஒரு சங்கடம்.

"தம்பி, நீங்க வீடு மாறி வந்துட்டீங்கன்னு நெனைக்கிறேன். எனக்கு ரெண்டும் ஆம்பளப் புள்ளைங்க."

பெண் கேட்க வரவில்லை என்று புரிய வைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் சோபாவில் சாய்ந்துவிட்டார்.

"நான் யாரையும் திட்டுனதே இல்லையே தம்பி. எங்க வீட்டுப் பூனையக்கூட வாங்க போங்கன்னுதான் சொல்வேன்."

"புரொஃப், நீங்க திட்டலன்னா அவரு முடிக்க மாட்டாரு" என்றேன்.

அவர் தாம்பாளத்தை வாங்கி மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "இந்த செமஸ்டரோட எனக்கு ரிட்டையர்மென்ட். அவருதான் என்னோட கடைசி ஸ்டூடன்ட். அந்தப் புள்ள கெராங்க கையில எடுத்துப் பாக்கிற மாதிரி வேற யாரும் பாத்து நான் கண்டதில்ல. அவர அரைகுறையா விட்டுட்டுப் போனா எனக்கு மனசு ஆறாது. சரி, என்னா சொல்லணும்னு சொல்லிக் குடுங்க."

பிரான்சிஸ் எழுந்து நின்று பயிற்சி கொடுத்தான். வங்கியில் மேலாளரிடம் வாங்கியதையெல்லாம் அப்படியே இறக்கினான்.

"மொதல்ல உக்காரச் சொல்லாதீங்க. நிக்க வைங்க. அப்புறம் 'இது தீசிஸா, குப்பையா'ன்னு கேளுங்க."

"குப்பைன்னு எப்படிலா சொல்றது? நாலாவது சாப்டர் எவ்வளவு அழகா எழுதியிருக்காரு..."

"புரொஃப்!"

"சரி சரி. குப்பை."

"சத்தமா."

"குப்பை!" என்றார் புரொஃப். சமையலறையிலிருந்து பூனை எட்டிப் பார்த்தது. அவர் அதனிடம், "உங்கள இல்ல" என்றார்.

குறித்த நாளில் நல்ல மழை. வானமே எங்கள் கட்சி என்று பிரான்சிஸ் கும்பிட்டான். விடுப்பு எடுத்துக்கொண்டு அண்ணேயை அவனுடைய காடியில் ஏற்றிப் போனோம். நனையாமல் கொண்டுபோய் விடுகிறோம் என்று அவரிடம் சொல்லியிருந்தோம். அண்ணே உள்ளே போனார். புரொஃப் அறைக் கதவு முழுசாகச் சாத்தவில்லை. நாங்கள் வெளியே பெஞ்சியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டோம்.

"வாங்க, உக்காருங்க. இல்ல... உக்காராதீங்க. நில்லுங்க."

மௌனம்.

"கால் வலிச்சா உக்காருங்க."

பிரான்சிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"இது..." என்றார் புரொஃப். "இது தீசிஸா?"

"ஆமா புரொஃப்."

"அப்படியா. சரி."

பயிற்சியில் அடுத்த கட்டம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், தாள்கட்டை எடுக்கும் சத்தம் கேட்டது. விட்டெறிய வேண்டிய கட்டம். கதவிடுக்கில் பார்த்தேன். புரொஃப் அதை இரண்டு கையாலும் எடுத்து, குனிந்து, தரையில் வைத்தார். ஓரம் மடங்கியிருந்ததோ என்னவோ, ஒருமுறை நீவியும் விட்டார். அண்ணே எடுக்கக் குனிய, அவரும் குனிய, இரண்டு தலையும் மோதிக்கொண்டன.

"யா அல்லா! அடிபட்டுச்சா தம்பி?"

எல்லாம் முடிந்தது என்று நான் எழுந்தேன். அப்போதுதான் உள்ளேயிருந்து ஒரு கத்தல் வந்தது. அந்த அம்மாளிடமிருந்து அப்படி ஒரு குரல் வருமென்று நாங்கள் நினைக்கவில்லை.

"உங்களுக்குக் கெராங்கப் பத்தி ஒண்ணுமே தெரியாது! ஒரு மாசத்துல கடைசி சாப்டர் இந்த மேசைக்கு வரணும். வரலன்னா... வரலன்னா..."

என்ன செய்வேன் என்பதற்கு பிரான்சிஸ் வசனம் எழுதிக் கொடுக்க மறந்திருந்தான்.

"வரலன்னா நான் ரொம்ப வருத்தப்படுவேன்."

அண்ணே வெளியே வந்தார். முகம் கல்லாக இருந்தது. கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, குடையை வாங்காமல், மழைக்குள் இறங்கிக் காடி நிறுத்தியிருந்த இடம்வரை விறைப்பாக நடந்தார். பிரான்சிஸுக்குக் கால் தரையில் இல்லை. நனைந்த கம்பளியின் வாடை காடியிலிருந்து போக வெகுநாள் ஆயிற்று. அதற்குக்கூட அவன் கவலைப்படவில்லை.

"பாத்தீங்களாடா?" என்றார் அண்ணே பின்சீட்டிலிருந்து. "இத்தனை வருஷமும் வேஷம். நான் அப்பவே சொன்னேன்ல."

"ஆமாண்ணே. என்னா மாதிரி ஆளு பாருங்க" என்றான் பிரான்சிஸ் பயபக்தியோடு.

அன்றிலிருந்து அறைக் கதவு சாத்தியே கிடந்தது. நாவல்கள் கட்டிலுக்கு அடியில் போயின. கோட்டு ஆணியில் தொங்கியது. நாங்கள் நாசி கண்டார் சோறு வாங்கி வந்து கதவைத் தட்டினால் ஒரு கை மட்டும் வெளியே நீண்டு பொட்டலத்தை வாங்கிக்கொள்ளும். எப்படிப் போகிறது என்று கேட்டால் ஒரே பதில்தான்: "பேசாதீங்கடா, ஓடு வளருது." நான் தண்ணீர்மலைப் பக்கம் போனபோது முருகனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். பிரான்சிஸ் தன் பங்குக்கு மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினான். புரொஃப் தொழுகையில் கேட்டிருப்பார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஒரு சிப்பிக்காக இத்தனை வாசலில் மனுப்போட்டது பினாங்கில் அதுவே முதல்தடவையாக இருக்கும்.

ஏடு போய்ச் சேர்ந்தது. கெடு முடியும் முன்பே சேர்ந்தது. வாய்மொழித் தேர்விலும் சில சின்னத் திருத்தங்களோடு தேறிவிட்டார். சுங்கை பாக்காப்பிலிருந்து வந்திருந்த அவர் அம்மா, தேர்வறைக் காவலரைக்கூட விடாமல் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். புரொஃப் ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணே அவர் பக்கம் போய் ஏதோ சொன்னார். அவர் சிரித்தார்.

திரும்பி வரும்போது பிரான்சிஸுக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்தவப் பையன், பாவசங்கீர்த்தனம் பண்ணாமல் சோறு இறங்காது.

"அண்ணே, ஒரு விஷயம் சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது. அந்த புரொஃப் உங்களத் திட்டுனாங்கள்ல, அது..."

"நீங்க ரெண்டு பேரும் தாம்பாளம் தூக்கிட்டுப் போய்க் கேட்டீங்க. அதானே?"

பிரான்சிஸ் காடியை ஓரமாக நிறுத்திவிட்டான்.

"எப்படிண்ணே தெரியும்? புரொஃப் சொன்னாங்களா?"

"அவங்க இப்பதான் சொன்னாங்க. ஆனா திட்டுனது வேஷம்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லா. நான் எத்தனை கெட்டவனப் படிச்சவன்! எந்தக் கெட்டவன்டா தீசிஸ கீழ வெச்சு நீவி விடுவான்?"

"அப்புறம் ஏண்ணே எழுதுனீங்க?" என்று கேட்டேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'ஒண்ணுமே தெரியாது'ன்னு சொல்றப்ப அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிப் போச்சுடா. வாழ்க்கையில யாரையும் ஒரு சொல் சொல்லாத மனுஷி, எனக்காகத் திட்டக் கத்துக்கிட்டு வந்து நிக்கிறாங்க. எட்டு வருஷமா நான் அந்த அறைக்குள்ள ஒரு கெட்டவனத் தேடிக்கிட்டே இருந்தேன்ல. அன்னைக்கும் எழுதாம இருந்திருந்தா, அது நான்தான்."

பிரான்சிஸ் மூக்கை உறிஞ்சிவிட்டு, ஜலதோஷம் என்றான்.

அண்ணே இப்போது சபாவில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். போன வாரம் போனில் பேசினார். மாணவர்களை மிரட்டிப் பார்த்தாராம், ஒருத்தர்கூடப் பயப்படவில்லையாம். ஒரு மணி நேரம் அந்தக் குறையையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரித்து மாளவில்லை. போனை வைத்த பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.